ஆடிக்கு முன்னால் குடிபோன மீன்கள்

துவாரகா வீட்டுக்குள் மீன்கள் காலடி எடுத்து வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மீனுக்கு ஏது காலடி என்று கேட்பீர்கள். இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்கிற ஒருத்தியோடுதான் இருபத்தைந்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். ஆகையால் எனக்குக் கோபம் வராது.

விஷயம் இதுதான். டெல்லி ஜனக்புரியில் பல வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, ஒருவழியாகத் துவாரகாவில் ஒரு சொசைட்டியில் சொந்தமாக ஃப்ளாட் வாங்கினோம். ஹால், இரண்டு படுக்கையறை, அப்புறம் ஒரு சின்ன அறை. முன்னால் இருந்தவர்கள் அதில் பழைய மெத்தைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். நான் எட்டிப் பார்த்ததுமே அதில் என்னைப் போட்டு வைக்கலாம் என்று தோன்றியது. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் சுவரோடு கட்டின அலமாரி. மிச்சம் ஒரே ஒரு வெறும் சுவர். அந்தச் சுவரோரமாக என் மேஜை. முன்னால் ஒரு நாற்காலி. கதவைச் சாத்தினால் நான் மட்டும்.

மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்தவன் நான். இதுவரை என் வாழ்க்கையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்த அறை ஒன்றே ஒன்றுதான். அதில் மேஜை போட வசதிப்படாது.

இந்தக் கனவுக்குக் குறுக்கே நின்றது நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஃப்ளாட்டைப் பார்க்கப் போன அன்றே என் மனைவி சுந்தரவல்லி அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் அளந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

நியாயமாகப் பார்த்தால் தொட்டியை வாங்கியவனே நான்தான். வடகிழக்கு மூலையில் மீன் வைத்தால் பிரமோஷன் நிச்சயம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வைத்தேன். பிரமோஷனும் வந்தது. அடுத்த மேஜை பூவராகவனுக்கு வந்தது. அன்றோடு எனக்கும் மீன்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. சுந்தரவல்லிதான் தீனி போட்டாள், தண்ணீர் மாற்றினாள், பெயரும் வைத்தாள். தங்கமீன்கள் ஐந்து. அதுபோக, கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு நாள் முழுவதும் நகராமல் இருக்கும் கறுப்பு மீன் ஒன்று. அதற்குப் பெயர் செக்ஷன் ஆபீசர். நான் செக்ஷன் ஆபீசர் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மீனைக் கொல்லும் அளவுக்கு நான் பாவி இல்லை. நல்ல இடமாகப் பார்த்துத் தத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கீழ்வீட்டு சுரேஷ்குமார் ரயில்வேயில் இருக்கிறான், நம் பக்கத்துப் பையன், தொட்டிமேல் அவனுக்கு ஒரு கண். சுந்தரவல்லி பேங்க்கிலிருந்து திரும்புவதற்குள் கீழே இறங்கிப் போனேன்.

"சுரேஷ், மீன் தொட்டி வேணுமா?"

"ஐயோ, ஜே.கே. சார்! நிஜமாவா? அக்கா சம்மதிச்சாங்களா?"

"சம்மதிப்பா. அது என் பொறுப்பு. நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"சரி சார். ஆனா எனக்கு மீன் வளர்க்கத் தெரியாதே. தண்ணி எப்படி மாத்தணும், கரண்ட் போனா என்ன பண்ணணும், எல்லாம் நீங்கதான் சொல்லித் தரணும்."

எனக்கு மட்டும் தெரியுமா? ஆனால் தானம் கொடுப்பவன் தெரியாது என்று சொல்லலாமா? ஒரு வாரம் மொபைலில் மீன் வீடியோவாகப் பார்த்தேன். ஆபீஸிலும் பார்த்தேன். படித்ததை எல்லாம் சாயங்காலம் சுரேஷ்குமாருக்குப் போதித்தேன். அவனும் சளைக்காமல் கேள்வி கேட்டான். வார முடிவில் எனக்கே என் ஞானத்தைப் பார்த்து மலைப்பாக இருந்தது. இந்த ஞானத்தை வைத்தே சுந்தரவல்லியைச் சாய்த்துவிடலாம் என்று தெம்பு வந்தது.

அவள் பேங்க்கில் லோன் செக்ஷனில் இருக்கிறாள். எதிரே உட்கார்ந்தவர் பேசப் பேச "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். அவர்களே எல்லாவற்றையும் கக்கிவிட்டு, லோன் கிடைக்காமல் எழுந்து போவார்கள்.

"வல்லி, எனக்கு ஒரே கவலையா இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"என்ன கவலை?"

"மீனை நினைச்சுத்தான்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கா?"

"ஆமா. இடம் மாத்தினா அதுக தாங்காது. சாதாரண விஷயமில்ல."

"அப்புறம்?"

"ஒரு நாள் முன்னாடியே தீனியை நிறுத்தணும். பழைய தண்ணிய பாதிக்கு மேல பத்திரமா எடுத்துட்டுப் போகணும். ஃபில்டர் பஞ்சு காயவே கூடாது. அந்த ஈரத்துலதான் தண்ணியைச் சுத்தம் பண்ற கிருமி உசிரோட இருக்கு."

"அப்புறம்?"

"துவாரகா தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற. குழாயில பிடிச்சதை அப்படியே ஊத்தினா அவ்வளவுதான். டிரம்ல பிடிச்சு வச்சு, மறுநாள் கொஞ்சம் கொஞ்சமா சேக்கணும். அதுவும் ஒரு மாசத்துக்கு. தினம் ஆள் பாக்கணும்."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசம்! சும்மா ஏதோ ஒரு ஆள் இல்ல, விஷயம் தெரிஞ்ச ஆள். வச்ச இடமும் சரியா இருக்கணும். வெயில் அடிக்கக் கூடாது, பாசி பிடிச்சுடும். டிவி சத்தம் ஆகாது. போறவங்க வர்றவங்க இடிக்கக் கூடாது. நம்ம வீடு மாத்தற அமளியில இதெல்லாம் நடக்கிற காரியமா? அதுங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இங்கேயே யாராவது நல்லவங்ககிட்ட…"

குரல் தழுதழுத்தது. கொஞ்சம் நடிப்பு, மிச்சம் தொண்டை வறட்சி.

சுந்தரவல்லி கீரைத் தட்டை நகர்த்தி வைத்தாள். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் இவ்வளவு யோசிக்கவே இல்ல."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் இருந்தது.

"எப்படியும் ஆடி பிறக்கறதுக்கு முன்னாடி பால் காய்ச்சிடறோம். சாமான் எல்லாம் ஆவணியிலதான் போகுது. நடுவுல ஆடி மாசம் முழுக்கப் பால் காய்ச்சின வீட்டைப் பூட்டி, இருட்டாப் போட்டு வைக்கக் கூடாதுன்னு எங்க அம்மா ஃபோன்ல புலம்பிட்டே இருக்காங்க. உசிருள்ளது ஏதாவது இருக்கணுமாம். மீன் அன்னிக்கே போயிடட்டும்."

"மீன் மட்டும் தனியாவா?"

"தனியா எப்படி? நீங்கதான் சொன்னீங்களே, விஷயம் தெரிஞ்ச ஆள் ஒரு மாசம் கூடவே இருக்கணும்னு."

"ஆமா, ஆனா…"

"உங்களைவிட விஷயம் தெரிஞ்ச ஆள் டெல்லியிலயே கிடையாதுங்க."

ஆடிக்குப் புதுசாகக் கல்யாணமானவர்களைப் பிரித்து வைப்பார்கள். வெள்ளிவிழாக் கொண்டாடியவர்களைப் பிரித்து வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"மேஜைய மட்டுமாவது இப்பவே கொண்டு போயிடறேனே" என்றேன்.

"ஒரு மேஜைக்குத் தனியா டெம்போவா? ஆவணியில எல்லாத்தோடயும் வரும். அதுவரைக்கும் மடக்கு நாற்காலி எடுத்துட்டுப் போங்க."

மனசைத் தேற்றிக்கொண்டேன். தொட்டி வந்தால் வரட்டும். அதை ஹாலில் வைத்துவிட்டால் சின்ன அறை என்னுடையதுதானே? ஒரு மாசம் தனிக்காட்டு ராஜா வேறு.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேல்தான் கிடைத்தது. காலித் தொட்டியையும் ஸ்டாண்டையும் முன்னாலேயே டெம்போவில் அனுப்பிவிட்டோம். மீன்கள் பழைய தண்ணீரோடு ஒரு பெரிய பக்கெட்டில் காரில் வந்தன. சுந்தரவல்லி காரை ஓட்டினாள். பின்சீட்டில் நான், என் முழங்கால்களுக்கு நடுவே பக்கெட். உதவிக்கு வந்த சுரேஷ்குமார் முன்சீட்டில் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வழியில் டாப்ரி மோட் முக்கைத் தாண்டும்வரை எத்தனை ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது என்று சாதாரணமாக யாருக்கும் தெரியாது. பக்கெட்டை அணைத்துக்கொண்டு போனவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் என் பேண்ட்டுக்கு ஒரு பங்கு வந்தது.

"மெதுவாப் போயேன்!"

"மெதுவாத்தான் போறேன். மூடியை அழுத்திப் பிடிங்க. செக்ஷன் ஆபீசர் பயந்துடப் போறார்."

சுரேஷ்குமார் சிரித்தான். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. தொட்டி கைவிட்டுப் போனவன் சிரிக்கிற சிரிப்பா இது?

"உனக்குத்தான் ஏமாத்தம் சுரேஷ்" என்றேன், அனுதாபத்தோடு.

"எனக்கென்ன சார் ஏமாத்தம்? அக்கா அப்பவே சொல்லிட்டாங்களே."

"எப்பவே?"

"நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. 'உங்க சார் வந்து தொட்டி குடுக்கறேன்னு சொல்வார். சரின்னு சொல்லு. ஆனா எல்லாத்தையும் கேள்வி கேட்டு அவரைப் படிக்க வை'ன்னாங்க. நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க சார். தேங்க்ஸ்."

கண்ணாடியில் சுந்தரவல்லியைப் பார்த்தேன். அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். நல்ல டிரைவர்.

சொசைட்டி கேட்டில் காவலாளி என் பேண்ட்டைப் பார்த்தான், பிறகு என் வயசைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டான்.

"வலது காலை எடுத்து வச்சு வாங்க" என்றாள் சுந்தரவல்லி. அவள் கையில் விளக்கு, என் கையில் பக்கெட். பால் பொங்கியது. பாயசம் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன், டெம்போ ஆள் முந்திக்கொண்டான்.

"பாபுஜி, கிதர் ரக்னா ஹை?"

எங்கே வைக்க என்கிறான். இதற்காகத்தான் காத்திருந்தேன். "ஹாலில் வை, பையா" என்று பால்கனிப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அச்சா" என்று தூக்கினான்.

"ஒரு நிமிஷம்" என்றாள் சுந்தரவல்லி. ஹாலில் போய் நின்றாள். மேற்குப் பார்த்த பால்கனி. மூன்று மணி வெயில் தரையெல்லாம் தகதகவென்று விழுந்திருந்தது. "என்னங்க, வெயில் அடிக்கக் கூடாதுன்னீங்களே?"

"கொஞ்சம் அடிக்கலாம்."

"பாசி பிடிச்சுடுமே. டிவியும் இங்கதானே வரணும்? வாசக்கதவும் இங்கதான். போறவங்க வர்றவங்க இடிப்பாங்களே." அவள் முகத்தில் அக்கறையைத் தவிர வேறெதுவும் இல்லை. "நீங்களே நல்ல இடமாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கென்ன தெரியும்?"

வெயில் இல்லாத, சத்தம் இல்லாத, யாரும் இடிக்காத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொட்டி சின்ன அறைக்குள் போனது. சுவருக்கும் தொட்டிக்கும் அப்படி ஒரு பொருத்தம். முந்தானை அளவு தப்புமா?

போகும்போது, "ஆவணியில மேஜை வந்ததும் பாத்துக்கலாங்க" என்று ஆறுதல் சொன்னாள். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆவணி வரட்டும். தொட்டி வெளியே, மேஜை உள்ளே.

ஆடி பிறந்தது. பாய், தலையணை, மடக்கு நாற்காலி, விளக்கு, நான், மீன்கள். காலையில் டிரம் தண்ணீரிலிருந்து ஒரு ஜக் ஊற்றுவேன். தீனி போடுவேன். மெட்ரோ பிடித்து ஆபீஸ் போவேன். சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி ஒரு ஜக். பிறகு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். பார்க்கச் சுவர் இல்லாததால் மீன்களைப் பார்ப்பேன்.

முதல் வாரம் அவை என்னைக் கண்டுகொள்ளவில்லை. நானும்தான். அப்புறம் ஒரு நாள் நான் கதவைத் திறந்ததும் ஐந்து தங்கமீன்களும் விறுவிறுவென்று கண்ணாடியருகே வந்து வரிசையாக நின்றன. நான் ஒரு அறைக்குள் நுழைந்து ஐந்து பேர் பரபரப்பாவது என் சர்வீஸிலேயே அதுதான் முதல் தடவை. தீனிக்காகத்தான் என்று எனக்கும் தெரியும். ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டும் என்னைக் கண்டு யாரும் எழுந்திருப்பதில்லை.

ஒரு மாலை கரண்ட் போனது. சொசைட்டி ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் மாடிப்படி விளக்குக்கும் மட்டும். ஏர் பம்ப் நின்றது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. பயந்துபோனேன். நிஜமாகவே பயந்துபோனேன். சுந்தரவல்லிக்கு ஃபோன் போட்டேன்.

"கரண்ட் போச்சு வல்லி!"

"மீன் எப்படி இருக்கு?"

"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"நீங்கதான் பேசறீங்களே. மீன் பேசாதே."

"மூச்சு வாங்குது. என்ன பண்றது?"

"என்னைக் கேக்கறீங்க? சுரேஷுக்கு நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க."

அதுவும் சரிதான். ஒரு சொம்பை எடுத்தேன். தொட்டியிலிருந்தே தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, தாரையாக ஊற்றினேன். காற்றுக் கலந்தால் மீனுக்கு மூச்சு வரும். சட்டையைக் கழற்றிப் போட்டேன், வேட்டியை மடித்துக் கட்டினேன், மொண்டு மொண்டு ஊற்றினேன். காற்று வரட்டும் என்று அறைக்கதவையும் வாசக்கதவையும் திறந்து வைத்திருந்தேன். எதிர்வீட்டு அரோரா மொபைல் வெளிச்சத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார். ஓரத்தில் நான் ஏற்றி வைத்த குத்துவிளக்கு, வெற்றுடம்பு, கையில் சொம்பு. கும்பிட்டுக்கொண்டே, "அங்கிள்ஜி, பூஜா சல் ரஹி ஹை க்யா?" என்று, பூஜை நடக்கிறதா என்று மெல்லக் கேட்டார். தலையாட்டினேன். பேசினால் கை நின்றுவிடும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்தியோடு நின்றுவிட்டுப் போனார்.

கரண்ட் வந்தபோது எனக்குத் தோள்பட்டை கழன்றிருந்தது. ஆறும் பிழைத்துக்கொண்டன. செக்ஷன் ஆபீசர் மட்டும் என்ன நடந்தது என்றே தெரியாமல் ஒட்டின இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். ஆறையும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். இந்தத் தடவை கவலையில் நடிப்பு இல்லை.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து லாரி வந்தது. சாமான்கள் ஏறிவந்தபடி இருந்தன. நான் சின்ன அறையில் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தேன். சுந்தரவல்லி உள்ளே வந்தாள்.

"உங்க மேஜை வந்துடுச்சுங்க."

"ம்."

"தொட்டியை ஹாலுக்கு மாத்திடலாம். பால்கனிக்குக் கனமான கர்ட்டன் தைச்சுக் கொண்டாந்திருக்கேன். வெயில் ஒரு பொட்டு வராது."

சண்டைக்குத் தயாராக நின்றவன் ஜக்கைக் கீழே வைத்தேன். "நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஒரு மாசம் தனியாக் கிடந்து கஷ்டப்பட்டிருக்கீங்க. இந்த ரூம் உங்களுக்குத்தான்." வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "பையா, பைப் லேகே ஆவோ! பஹலே இஸ்கா பானி நிகாலோ!"

முதலில் தண்ணீரை வெளியேற்று என்கிறாள். ஒருவன் ரப்பர் குழாயோடு வந்தான். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டான். ஐந்து தங்கமீன்களும் என் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நின்று என்னையே பார்த்தன.

"நிறுத்து!" என்று கத்தினேன். "ருக்கோ, ருக்கோ!"

"என்னாச்சுங்க?"

"இது நான் ஒரு மாசமா ஜக்கு ஜக்கா ஊத்திப் பழக்கின தண்ணி. இதைப் போய்க் கொட்டச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"அப்போ மேஜையை எங்க போடறது? இருக்கறது ஒரு சுவர்தானே."

"மேஜை எங்கயாவது கிடக்கட்டும்."

"வேண்டாங்க. அப்புறம் ஆயுசுக்கும் நான்தான் உங்க ரூமைப் பிடுங்கிட்டேன்னு சொல்வீங்க."

"சொல்ல மாட்டேன்."

"எனக்கு நம்பிக்கை இல்ல."

"நானே என் வாயால சொல்றேன். தொட்டி இங்கதான் இருக்கும். மேஜை ஹாலுக்குப் போகட்டும். இதுல மாத்தமே கிடையாது!" என்று அதட்டினேன். கல்யாணமானதிலிருந்து அவளை அதட்டியது அதுதான் முதல் தடவை.

"உங்க இஷ்டம்" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

அதட்டிய வேகம் குறைவதற்குள் மேஜையை எங்கே போடுவது என்று ஆட்களுக்கு உத்தரவு போட ஹாலுக்கு வந்தேன். வாசக்கதவுக்குப் பின்னால், செருப்பு அலமாரியை ஒட்டி, என் மேஜை போட்டாகிவிட்டிருந்தது. மேலே துவைத்த விரிப்பு, என் மூக்குக்கண்ணாடி, மேஜை விளக்கு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.